இழுக்கும் குழாயைக் கவனியுங்கள்

(கத்திரி வெயில் நாட்களில், சென்னையில் பழைய கார் ஆர்வலர்களின் மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



கத்திரி நடந்துகொண்டிருக்கிறது. பழைய கார் வைத்திருக்கிற வீடுகளில் இந்த இருபத்தைந்து நாளும் ஒரே மாதிரியான போன்தான் வரும். “தாம்பரம் தாண்டி வண்டி நின்னுபோச்சு. செல்ஃப் நல்லா அடிக்குது, ஆனா எடுக்க மாட்டேங்குது. ஏர்லாக்காம். பம்ப் மேல ஈரத்துணி போட்டிருக்கோம்.” அரை மணி கழித்து இன்னொரு போன்: “எடுத்துடுச்சு, வந்துகிட்டிருக்கோம்.” அடுத்த சிக்னலுக்கு அப்புறம் மூன்றாவது போன்.

இந்த மூன்றாவது போன் ஏன் வருகிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஈரத்துணியை நான் கேலி செய்யவில்லை. அது வேலை செய்யும்; எப்படி என்பதையும் சொல்கிறேன். ஆனால் துணி போட வேண்டிய நிலைக்கு ஒரு கார் வந்துவிட்டது என்றால், கோளாறு பெரும்பாலும் துணி கிடக்கிற இடத்தில் இல்லை. பம்புக்குப் பின்னால், டிக்கிக்கும் எஞ்சினுக்கும் நடுவே, யாரும் குனிந்து பார்க்காத அந்தப் பத்தடிக் குழாயில் இருக்கிறது.

முதலில் பெட்ரோலைப் பற்றிக் கொஞ்சம். தண்ணீருக்குக் கொதிநிலை 100 டிகிரி என்று பள்ளியில் படித்தோம். பெட்ரோலுக்கு அப்படி ஒரே எண் கிடையாது. அது பல பொருள்களின் கலவை. அதில் லேசானவை 35 டிகிரியை ஒட்டியே ஆவியாகத் தொடங்கும். கனமானவை 200 டிகிரி வரை அசையாமல் இருக்கும். லேசான பங்கு இருந்தால்தான் மார்கழி விடியற்காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகும். அதே பங்குதான் சித்திரையில் நம்மை ரோட்டில் நிறுத்துகிறது. ஆகவே, பெட்ரோல் எந்த அளவு ஆவியாகத் துடிக்கிறது என்பதை 37.8 டிகிரியில் அதன் ஆவியழுத்தத்தை அளந்து சொல்வார்கள். நம் ஊர்ப் பெட்ரோலுக்கு அது ஏறக்குறைய 60 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மைச் சுற்றியிருக்கிற காற்றின் அழுத்தம் 101. ஆவியழுத்தம் காற்றழுத்தத்தைத் தொடும்போது கொதிக்கும். கணக்குப் போட்டால் 54 டிகிரியை ஒட்டி வரும்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான உச்சம் 45 டிகிரி; 2003 மே 31 அன்று. அந்த நாளில்கூட வெளிக்காற்று 54-ஐத் தொடவில்லை. ஆனால் பானெட்டுக்குள் நிலைமை வேறு. எஞ்சின் பிளாக் 80, 90 டிகிரியில் இருக்கிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பல நூறு டிகிரி. பம்ப் அந்தப் பிளாக்கிலேயே போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கிறது. 54 என்பது அங்கே பெரிய எண்ணே அல்ல.

இப்போது பம்புக்கு வருவோம். நம் அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு காலத்துக் கார்களில் பெரும்பாலும் இருப்பது மெக்கானிக்கல் டயாஃப்ரம் பம்ப். மெக்கானிக்குகள் ஏ.சி. பம்ப் என்பார்கள், புதிதாக வந்த பையன்கள் குளிர்சாதனம் என்று நினைத்துத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். கேம்ஷாஃப்டில் ஒரு மேடு. அது சுற்றும்போது ஒரு நெம்புகோலைத் தள்ளும். நெம்புகோல் டயாஃப்ரத்தைக் கீழே இழுக்கும். அப்போது மேலே வெற்றிடம் உண்டாகி டேங்கிலிருந்து பெட்ரோல் வருகிறது. பிறகு ஒரு ஸ்பிரிங் டயாஃப்ரத்தை மேலே தள்ளும். பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகிறது. உள்ளே வர ஒரு வால்வு, வெளியே போக ஒரு வால்வு. அவ்வளவுதான். தள்ளும் அழுத்தத்தை அந்த ஸ்பிரிங் முடிவு செய்கிறது. சதுர அங்குலத்துக்கு ஒன்றரை முதல் இரண்டரை பவுண்டு. ரொம்பச் சாதுவான அழுத்தம்.

கவனியுங்கள்: இந்தப் பம்ப் இரண்டு வேலை செய்கிறது. பின்பக்கமிருந்து இழுக்கிறது, முன்பக்கம் தள்ளுகிறது. தள்ளுகிற பக்கம் பெட்ரோல் மேல் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலை உயரும், பிரஷர் குக்கரில் நடப்பதுபோல. இழுக்கிற பக்கம் அழுத்தம் குறைகிறது, கொதிநிலையும் தாழ்கிறது. குழாயில் அழுக்கு, டேங்க் சல்லடையில் துரு எல்லாம் சேர்ந்து, இழுக்கும் பக்கம் 15 கிலோபாஸ்கல் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 54-இல் கொதிக்க வேண்டிய பெட்ரோல் 48, 49-இலேயே கொதிக்கும். தள்ளும் பக்கம் அதே 15 கூடினால் 58 வரை தாங்கும். இது தோராயக் கணக்குதான். ஆனால் இழுப்புக்கும் தள்ளுக்கும் நடுவே வித்தியாசம் இருக்கிறது என்பது உண்மை; இந்தக் கணக்கில் அது கிட்டத்தட்ட பத்து டிகிரி. என் பேச்சு முழுவதும் இந்தப் பத்து டிகிரியைச் சுற்றித்தான்.

இழுக்கும் பக்கத்தில் ஆவி உண்டானால் என்ன ஆகும்? திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். டயாஃப்ரம் மேலும் கீழும் போகும். உள்ளே இருக்கிற ஆவி சுருங்கும், விரியும். ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட நகராது. கார்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பது தீர்ந்ததும் எஞ்சின் இருமிவிட்டு நிற்கும். நம் ஓட்டுநர்கள் இதைத்தான் ஏர்லாக் என்கிறார்கள்.

எப்போது இது நடக்கிறது? மூன்று சமயங்கள். ஒன்று, டிராஃபிக். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது நம் 1,089 சிசி பத்மினியோ 1,489 சிசி அம்பாசடரோ மணிக்கு ஐந்து ஆறு லிட்டர் குடிக்கிறது. அவ்வளவு பெட்ரோலும் குழாய் வழியே, பம்ப் வழியே ஓடி வருகிறது. அந்த ஓட்டமே பம்பைக் குளிர்விக்கிறது. சிக்னலில் ஐட்லிங்கில் நிற்கும்போது மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டித்தான் செலவு. ஆக, பெட்ரோல் ஐந்து மடங்கு மெதுவாக ஊர்கிறது, சூடான குழாயில் ஐந்து மடங்கு நேரம் கிடக்கிறது. வேகமாகப் போனால் பம்ப் சூடாகும் என்று பயந்து மெதுவாகப் போகிற அன்பர்கள் இங்கே இருக்கலாம். தலைகீழ். காலியான ஹைவேயில் ஓடுகிற பம்ப்தான் குளிர்ந்த பம்ப்.

இரண்டாவது, ஓடி முடித்து நிறுத்திய பிறகு. எஞ்சினை அணைத்த கணத்தில் ஃபேன் நிற்கிறது, ரேடியேட்டர் தண்ணீர் நிற்கிறது, பெட்ரோல் ஓட்டமும் நிற்கிறது. ஆனால் சூடு மட்டும் நிற்காது. பிளாக்கிலும் மேனிஃபோல்டிலும் தேங்கியிருக்கிற வெப்பம் மெல்ல மெல்ல பம்புக்கும் கார்புரேட்டருக்கும் ஏறுகிறது. நிறுத்தி கால் மணி, இருபது நிமிடத்தில்தான் பம்ப் உச்சச் சூட்டில் இருக்கும். நாம் டீ குடித்து, வடை தின்று, பேப்பர் புரட்டிவிட்டு வர ஆகும் நேரம் சரியாக அதுதான். இரண்டு நிமிடத்தில் கிளம்பினால் கிளம்பும். ஒரு மணி நேரம் கழித்தாலும் கிளம்பும். நடுவில் கிளம்பினால்தான் வம்பு. எனவே கோடையில் வழியில் நிறுத்தினால் பானெட்டைத் திறந்து வையுங்கள். சூடான காற்று மேலே போகட்டும். பைசா செலவில்லாத வைத்தியம் இது. ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி. அந்தக் காரின் முன்பக்கம் முழுக்க அப்படியே முன்னால் சாய்ந்து எஞ்சின் வெட்டவெளிக்கு வந்துவிடும். வண்டலூர்ப் பக்கம் 1960-களில் அதைச் செய்துகொண்டிருந்தபோது வெயிலை நினைத்து அப்படி வடிவமைக்கவில்லை, அது இங்கிலாந்திலிருந்து வந்த வடிவம். ஆனாலும் நம் வெயிலுக்குத்தான் ரொம்பப் பொருந்துகிறது.

மூன்றாவது, மலை. மேட்டுப்பாளையத்தில் கொதிக்கிற வெயில். அங்கிருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். முதல் கியரும் இரண்டாவது கியருமாக ஏறுகிறோம். எஞ்சின் முக்குகிறது, முன்னாலிருந்து காற்று போதவில்லை. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்று: மேலே போகப் போகக் காற்றழுத்தமே குறைகிறது. உதகை 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் 77 கிலோபாஸ்கலை ஒட்டித்தான். பம்ப் பெட்ரோலை இழுக்கிறது என்று சொல்கிறோமே, உண்மையில் அது வெறும் வெற்றிடத்தை உண்டாக்குகிறது. டேங்கிலிருக்கிற பெட்ரோலைத் தள்ளி அனுப்புவது காற்றழுத்தம்தான். தள்ளுகிற ஆளே இளைத்துவிட்டால்? அதே 15-ஐக் கழித்துப் பாருங்கள்: 62. அந்த அழுத்தத்தில் நம் பெட்ரோல் 39, 40 டிகிரியில் கொதிக்கத் தயார். குன்னூரில் ஸ்வெட்டர் போடுகிற குளிரில் கார் ஏர்லாக் ஆகிறதே என்று வியக்கிறவர்களுக்கு இதுதான் பதில். பர்லியாறில் வண்டியை நிறுத்தி இளைப்பாறிப் போகிற பழைய ஓட்டுநர்களின் வழக்கம் ரேடியேட்டருக்கு மட்டும் நல்லதல்ல.

இனி எத்தனால். இதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது, ஏனென்றால் இன்று நாம் பெட்ரோல் பங்கில் போடுவது நம் கார்கள் பிறந்தபோது இருந்த பெட்ரோல் அல்ல. நாடு முழுவதும் சராசரியாக 10 சதவீதக் கலப்பு 2022 ஜூனில் எட்டப்பட்டது. 20 சதவீதக் கலப்பு 2023 பிப்ரவரியில் சில பங்குகளில் தொடங்கி, இப்போது எங்கும் அதுதான். எத்தனால் தனியாக இருந்தால் 78 டிகிரியில் கொதிக்கும். அதன் ஆவியழுத்தம் பெட்ரோலைவிடக் குறைவு. அப்படியானால் கலந்தால் நல்லதுதானே என்று தோன்றும். வேதியியல் அப்படி நியாயமாக நடந்துகொள்வதில்லை. பெட்ரோலோடு கலந்ததும் இரண்டும் சேர்ந்து தனித்தனியாக இருந்ததைவிடச் சீக்கிரம் ஆவியாகின்றன. 10 சதவீதம் வரை கலந்தால் ஆவியழுத்தம் 7 கிலோபாஸ்கல் அளவுக்கு உயரும். அதற்கு மேல் கலந்தால் ஆவியழுத்தம் ஏறுவதில்லை. ஆனால் 70 டிகிரிக்குள் ஆவியாகிற பங்கு நன்றாகக் கூடிவிடும். அந்தப் பங்கும் முக்கியம். நாம் ஏர்லாக் என்பதையே ஆவிப்பூட்டு என்று சொல்லி, ஆவிப்பூட்டுக் குறியீடு என்று எண்ணெய்க் கம்பெனிகள் பார்க்கிற ஒரு கணக்கு உண்டு: ஆவியழுத்தத்தைப் பத்தால் பெருக்கி, 70 டிகிரிக்குள் ஆவியாகிற சதவீதத்தை ஏழால் பெருக்கி, இரண்டையும் கூட்ட வேண்டும். எத்தனால் அந்தக் கணக்கின் இரண்டாவது பாதியிலும் கைவைக்கிறது.

ஆனால் என்னைக் கேட்டால், எத்தனாலின் ஆவி செய்கிற கெடுதலைவிட அது ரப்பருக்குச் செய்கிற கெடுதல் பெரிது. நம் பம்பிலுள்ள பழைய டயாஃப்ரம், டேங்கிலிருந்து வரும் குழாயில் நடுநடுவே இருக்கிற ரப்பர் ஹோஸ், கார்க் பேக்கிங், இவையெல்லாம் சாராயம் குடிக்கப் பழகியவை அல்ல. முதலில் உப்பும், பிறகு காய்ந்தால் விறைத்து வெடிக்கும். டேங்கின் அடியில் நாற்பது ஆண்டாகப் படிந்து அமைதியாகக் கிடந்த கசடையும் எத்தனால் கரைத்துக் கிளப்பிவிடும்; அது நேரே சல்லடைக்கும் ஃபில்டருக்கும் வந்து அடைக்கும். அடைத்தால் பம்ப் இன்னும் அழுத்தி இழுக்கும். அழுத்தி இழுத்தால் கொதிநிலை இன்னும் தாழும். பார்த்தீர்களா, சுற்றிச் சுற்றி அதே பத்தடிக் குழாய்க்குத்தான் வருகிறோம்.

ஈரத்துணி எப்படி வேலை செய்கிறது என்று சொல்வதாகச் சொன்னேன். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக 2,260 ஜூல் வெப்பம் தேவை. அதைப் பம்பிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. அரை கிலோ அலுமினியப் பம்பை 30 டிகிரி குளிர்விக்க ஆறு கிராம் தண்ணீர் ஆவியானால் போதும். ஒரு மேசைக்கரண்டிகூட இல்லை! சென்னைப் புழுக்கத்தில் வேர்வையே காயாதே, துணி எப்படிக் காயும் என்று கேட்பீர்கள். நம் தோல் 35 டிகிரி, பம்ப் 70. அந்தச் சூட்டில் எந்தப் புழுக்கத்திலும் தண்ணீர் ஆவியாகும். எனவே நம் டாக்ஸி ஓட்டுநர்கள் கையாண்ட இந்த வைத்தியம் முழுக்க முழுக்க அறிவியல். அமெரிக்காவில் பெட்ரோல் குழாயில் வரிசையாக மரத் துணிக் கிளிப் மாட்டுவார்கள். அதற்கு நான் எந்த அறிவியலையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆனால் துணியின் குறை இரண்டு. பிளாக்கிலிருந்து போல்ட் வழியாக வெப்பம் வந்துகொண்டே இருக்கிறது. துணி காய்ந்ததும் பழைய கதை. மூன்றாவது போனுக்குக் காரணம் அதுதான். இன்னொன்று ஆபத்தானது. பம்பில் கசிவு இருந்தால் துணி பெட்ரோலைக் குடித்துவிடும். பெட்ரோலில் நனைந்த துணி மேனிஃபோல்டுக்கு ஒரு சாண் தள்ளி இருக்கிறது. துணி போடுவதற்கு முன் பம்பின் அடியில் விரல் வைத்துத் தடவி மோந்து பாருங்கள். துணியைத் தண்ணீரில் நனையுங்கள். சொம்போடு எஞ்சின் மேல் ஊற்றாதீர்கள். வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் பச்சைத் தண்ணீர் பட்டால் வெடிக்கும். டிஸ்ட்ரிபியூட்டரில் தண்ணீர் போனால் ஒரு கோளாறு இரண்டாகும்.

அதற்கும் முன்னால், இது உண்மையிலேயே பெட்ரோல் கோளாறுதானா என்று பாருங்கள். இந்த இடத்தில் நான் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. சூட்டில் நின்ற வண்டி எல்லாம் ஏர்லாக் ஆன வண்டி அல்ல. சூடேறினால் செத்து, ஆறினால் உயிர்க்கிற இன்னொரு பொருள் டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கிற கண்டன்சர். இக்னிஷன் காயிலும் அப்படியே. அரை மணி துணி போட்டுவிட்டு ஸ்டார்ட் ஆனால் புகழ் துணிக்குப் போகிறது. ஆறிப்போன கண்டன்சருக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. நின்ற உடனே ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, உள்ளே ஒரு பழைய பிளக்கைச் செருகி, எஞ்சின் உலோகத்தில் தொட வைத்துச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். பெட்ரோல் ஈரம் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. நீலப்பொறி பளிச்சென்று வந்தால் மின்சாரம் சரி. பிறகு ஏர்ஃபில்டரைக் கழற்றி கார்புரேட்டர் தொண்டையைப் பாருங்கள். சோலெக்ஸ் வகையாக இருந்தால் ஆக்ஸிலரேட்டரைத் தட்டியதும் பெட்ரோல் பீச்ச வேண்டும். பீச்சவில்லை என்றால் கிண்ணம் காலி, பம்பிலிருந்து வரவில்லை. தொண்டை நனைந்து, பெட்ரோல் வாடை தூக்கியடித்தால் நேர்மாறான நோய்: கார்புரேட்டர் கிண்ணத்திலிருந்தது கொதித்து உள்ளே வழிந்திருக்கிறது. அதற்கு மருந்து வேறு. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து, மிதித்தபடியே வைத்துச் செல்ஃப் அடிக்க வேண்டும். தட்டித் தட்டி மிதித்தால் இன்னும் பெட்ரோலைக் கொட்டுவீர்கள். ஒன்று பட்டினி, ஒன்று அஜீரணம். இரண்டுக்கும் ஒரே துணி போட்டுப் பயனில்லை.

சரி, வராமல் தடுப்பது எப்படி? பின்னாலிருந்து முன்னால் வருவோம். மெக்கானிக்குகள் எப்போதும் முன்னாலிருந்து தொடங்குவார்கள், ஏனென்றால் பானெட்டைத் திறப்பது சுலபம், காருக்கு அடியில் படுப்பது கஷ்டம்.

டேங்க் மூடி. அதில் காற்று போக ஒரு சின்ன வழி இருக்க வேண்டும். பெட்ரோல் வெளியேறுகிற அளவுக்குக் காற்று உள்ளே வராவிட்டால் டேங்கே வெற்றிடமாகும். பம்புக்கு எதிராக டேங்கும் இழுக்கும். பழைய மூடி தொலைந்து கிடைத்ததை மாட்டியிருப்பவர்கள் நம்மில் பலர். வண்டி நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டால் உங்கள் நோய் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

அடுத்து டேங்குக்குள் இருக்கிற சல்லடை, அங்கிருந்து வரும் உலோகக் குழாய், நடுவே ரப்பர் ஹோஸ்கள். ஹோஸில் வெடிப்பு விழுந்தால் பெட்ரோல் ஒழுகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இழுக்கும் பக்கத்தில் ஒழுகாது. காற்றை உள்ளே இழுக்கும். கீழே சொட்டு இல்லை, வாடை இல்லை, ஆனால் பம்புக்குப் பாதி காற்று, பாதி பெட்ரோல் வருகிறது. குளிர்காலத்தில் சமாளிக்கும், சித்திரையில் ஆவியும் சேர்ந்ததும் கைவிடும். எத்தனாலைத் தாங்குகிற ஃப்ளூரோ ரப்பர் உள்பூச்சு ஹோஸ் இப்போது கிடைக்கிறது, விலை கூடத்தான். மூன்றடி ஹோஸுக்குக் கணக்குப் பார்த்துவிட்டு, மூன்று கோட் பெயின்ட்டுக்கு அள்ளிக் கொடுக்கிறோம். குழாய் சைலன்சருக்குப் பக்கத்தில் போகிறதா என்றும் அடியில் படுத்துப் பாருங்கள். பட்டறையில் வெல்டிங் வைத்தவர்கள் குழாயை நகர்த்தி எப்படியோ கட்டிவிட்டிருப்பார்கள். நகர்த்த முடியாத இடத்தில் கண்ணாடி இழை உறை மாட்டலாம். ஆனால் ஒன்று: உறை சூட்டைத் தாமதப்படுத்தும், தடுக்காது, நின்றுகொண்டிருக்கும் வண்டியில் உள்ளே போன சூடு வெளியே வரவும் தாமதமாகும்.

இனி பம்ப். பிளாக்குக்கும் பம்புக்கும் நடுவே ஃபியட் வகைப் பம்புகளில் ஒரு பேக்கலைட் கட்டை இருக்கும். வெப்பம் பம்புக்கு ஏறாமல் தடுப்பது அதுதான். பழுது பார்த்தபோது அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் பேக்கிங்கோடு மாட்டிய வண்டிகள் நிறைய. மறுபடி வையுங்கள். ஆனால் தடிமனாக இருந்தால் நல்லது என்று இரண்டு கட்டை வைக்காதீர்கள். கட்டை தடித்தால் தள்ளுகோல் பம்பை எட்டுகிற அளவு குறைந்து டயாஃப்ரத்தின் வீச்சு சுருங்கும். மேனிஃபோல்டுக்கும் பம்புக்கும் நடுவே ஒரு அலுமினியத் தகடு, இரண்டையும் தொடாமல், விரல் இடைவெளி விட்டு. தெருமுனைப் பட்டறையிலேயே வெட்டித் தருவார்கள். கதிர்வீச்சாக வருகிற சூட்டைத் தகடு திருப்பியனுப்பும். இதைப்போல் செலவு குறைந்த, பலன் நிறைந்த வேலை வேறில்லை.

அந்த மேனிஃபோல்டே ஏன் இவ்வளவு சூடாகிறது? டைமிங் பின்தங்கியிருந்தால் பெட்ரோல் சிலிண்டரில் எரிந்து முடியாமல் எரிந்துகொண்டே வெளியே போகும். கலவை மெலிந்தாலும் அப்படித்தான். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் பழைய ஜெட்டோடு ஓடுகிற கார்புரேட்டர் தானாகவே மெலிந்த கலவை கொடுக்கும். எஸ்.யு. கார்புரேட்டராக இருந்தால் அடியிலுள்ள நட்டை ஒரு முகம், இரண்டு முகம் கீழே இறக்கிப் பார்க்கலாம். மேனிஃபோல்ட் பேக்கிங் ஊதினால், அந்தச் சுடுகாற்று நேரே பம்பில் அடிக்கிறதா என்றும் பாருங்கள்.

மோரிஸ் மைனர் அன்பர்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. உங்களுடையது எஸ்.யு. மின்சாரப் பம்ப், எஞ்சினுக்குப் பின்னால் தடுப்புச் சுவரில் இருக்கிறது, அதுவும் சூடான இடம்தான். ஆனால் உங்கள் பம்ப் பேசும். சாவியைத் திருப்பியதும் டிக், டிக் என்று சில தடவை அடித்துவிட்டுக் கிண்ணம் நிறைந்ததும் அமைதியாகிவிட வேண்டும். ஓடும்போது நிதானமாக அடிக்கும். படபடவென்று நிற்காமல் அடித்தால் அது காற்றையோ ஆவியையோ இழுக்கிறது என்று பொருள். அடிக்காமலே மௌனமாகி, கார்புரேட்டரும் காலியாக இருந்தால் உடனே சாவியை அணையுங்கள். இழுக்கும் பக்கம் அடைத்திருந்தால் இந்தப் பம்ப் பாயிண்ட் மூடிய நிலையில் நின்றுவிடும். மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்து உள்ளே இருப்பதைக் கருக்கிவிடும். வெயிலால் பம்ப் எரிந்தது என்பார்கள். எரித்தது டேங்கிலிருக்கிற துரு.

மின்சாரப் பம்ப் மாட்டிவிடலாமா என்பது அடுத்து வரப்போகிற கேள்வி என்று எனக்குத் தெரியும். மாட்டலாம். ஆனால் எங்கே? பழைய பம்ப் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் மாட்டினால் காசு தண்டம். அதுவும் அங்கிருந்து இழுக்கத்தான் செய்யும். டேங்குக்கு அருகில், டேங்கின் மட்டத்துக்குக் கீழே மாட்டுங்கள். அப்போது பத்தடிக் குழாய் முழுவதும் இழுக்கும் பக்கத்திலிருந்து தள்ளும் பக்கத்துக்கு மாறிவிடும். நான் ஆரம்பத்தில் சொன்ன பத்து டிகிரி உங்கள் கையில். எம்ஜிபி காரில் அதன் எஸ்.யு. பம்பை அந்தக் காலத்திலேயே பின்னால்தான் வைத்தார்கள். அழுத்தம் மூன்று பவுண்டுக்கு மேல் போகாத பம்பாக வாங்குங்கள். புதுக் கார்களின் இன்ஜெக்ஷன் பம்பை மாட்டினால் கார்புரேட்டரின் ஊசி தாங்காது, பெட்ரோல் எஞ்சின் மேல் வழியும். இன்னொன்றில் நான் சமரசம் செய்யமாட்டேன். மெக்கானிக்கல் பம்ப் எஞ்சின் நின்றால் தானும் நிற்கும். மின்சாரப் பம்ப் நிற்காது. விபத்தில் குழாய் அறுந்தாலும் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆயில் அழுத்தம் போனால் அல்லது மோதல் நடந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிற ஒரு ஸ்விட்ச் இல்லாமல் அதை மாட்டுவது என்றால், மாட்டாமலே இருங்கள். தீயணைப்பான் ஒன்று ஓட்டுநர் இருக்கைக்கு அருகில், டிக்கியில் அல்ல.

பிற்காலக் கார்களில் இருக்கிற திரும்பு குழாயையும் சிலர் சேர்க்கிறார்கள். கார்புரேட்டருக்கு வந்ததில் மிச்சத்தையும் ஆவியையும் டேங்குக்கே திருப்பியனுப்புகிற மெல்லிய குழாய். சிக்னலில் நின்றாலும் பெட்ரோல் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் நல்ல ஏற்பாடு. ஆனால் டேங்கில் துளை போட வேண்டும். அசல் தன்மை கெடுமே என்கிற கவலை உங்களுக்கு இருந்தால் விட்டுவிடுங்கள். மேலே சொன்ன சில்லறை வேலைகளை ஒழுங்காகச் செய்த காருக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. இந்தக் கார்கள் புதிதாக இருந்தபோது இதே வெயிலில், இதே மெக்கானிக்கல் பம்போடு, ஊரெல்லாம் டாக்ஸியாக ஓடியவை. அம்பாசடர் உத்தர்பாராவில் 2014 வரை வந்துகொண்டிருந்தது.

ஆகவே, கடைக்குப் போய்ப் புதுப் பம்பும் மின்சாரப் பம்பும் விசாரிப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, வண்டியை ராம்பில் ஏற்றி டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள ரப்பர் ஹோஸ் அத்தனையையும் மாற்றச் சொல்லுங்கள். கழற்றிய பழைய ஹோஸை அங்கேயே விட்டுவிடாதீர்கள். கையில் வாங்கி வளைத்துப் பாருங்கள். உள்பக்கம் வெடித்திருந்தால் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள், எல்லோருக்கும் காட்டுவோம்.